தாம்பரத்தில் என் கண் பட்ட பெட்டி

எங்கள் ஊரில் மழை வந்தால் தவளைக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தொலைபேசி கத்த ஆரம்பித்துவிடும். “லைன் போச்சு லா” என்று முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாகச் சொல்வார்கள். எடுத்துப் பதில் சொல்வது என் மனைவி சாந்தி. நான் கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ தீவிரமாகச் செய்வதுபோல் இருப்பேன்.

எங்களுடையது மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு சிறு பட்டணம். தொலைபேசிக் கம்பெனியின் கம்பி எட்டாத ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து காற்று வழியாக இணையம் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதற்குக் கூரையில் வைக்கும் கருவியின் முறையான பெயர் அவுட்டோர் ஆக்ஸஸ் பாயிண்ட். நான் பெட்டி என்பேன். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த இரண்டு வருடத்தில் மூன்று பெட்டிகளை மாற்றியாகிவிட்டது. மூன்றும் மழைக்கு ஆகவில்லை. கடைசியில் வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி, அடுத்த மழைக்காலத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லோரும் விலகிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகச் சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த நேரத்தில் தாம்பரத்தில் மருந்து இருப்பதாகத் தெரிந்தது. என்னைப்போல் கூரையில் பெட்டி வைத்துப் புலம்புகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் விக்டர் என்பவர் எழுதிக்கொண்டிருந்தார். சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில் கேபிள் டிவி நடத்தியவர்; இப்போது ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் வீடுகளுக்கு இணையமும் கொடுக்கிறார். மூன்று ஐப்பசி மழையைத் தாண்டியும் லைன் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். ரகசியம் என்ன என்று கேட்டேன். “வந்து பாருங்கண்ணா” என்றார். அது பேச்சுக்குச் சொன்னது என்று எனக்குப் புரிவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

“மூணு பெட்டியையும் விளம்பரத் தாளப் பார்த்து வாங்கினீங்க. இந்தத் தடவையாவது ஓட விட்டுப் பார்த்து வாங்குங்க” என்று சொல்லி அனுப்பினாள் சாந்தி. வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். கையில் சரியான பெட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் விக்டர் ஸ்கூட்டரோடு நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும், நல்ல உயரம். நான் காரை எதிர்பார்த்தேன். “பக்கந்தாண்ணா, குந்துங்க” என்றார். அவருடைய முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் என் சூட்கேஸ் உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊரில் பத்து கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே பேசி வைப்போம். இங்கே எல்லாமே பக்கந்தான். பல்லாவரம் தாண்டும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆகவே பல்லாவரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை, “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். விக்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாண்ணா, பாய் வூட்டு பாஷை பேசுறீங்க?”

இங்கே முஸ்லிம் வீடுகளில்தான் அப்படிச் சொல்வார்களாம்; எங்கள் நாட்டில் தமிழர்கள் எல்லோருமே காலையில் பசியாறுகிறோம். தாம்பரத்தில் டிபன் சாப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், டிபன் என்றால் வடை கூடுதலாக வருகிறது. தேநீர் விஷயத்தில்தான் எங்கள் பக்கம் வெற்றி. கட்டை விரல் உயரக் கண்ணாடி டம்ளரில் கொடுத்ததை ருசி பார்க்கக் கொடுத்ததாக நினைத்துக் குடித்துவிட்டு, மீதி வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன்.

ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விக்டரிடம் ஒரு நல்ல பெட்டி இருந்தது, அவ்வளவுதான். “ஆனா அந்த மாடல் வர்றது நின்னு போச்சுண்ணா” என்று குண்டைத் தூக்கிப் போட்டார். அவருக்கும் அடுத்ததாக ஒன்று தேட வேண்டியிருந்தது. மூன்று பெட்டிகளை வாங்கி வைத்திருந்தார். நாளுக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. ஏரிக்கு அந்தக் கரையில் கஸ்தூரி அம்மா வீட்டு மொட்டை மாடியில், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, சோதனைக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார். அதில் மாட்டிவிட்டு, இந்தக் கரையில் அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் சிக்னல் எண்ணைப் பார்க்க வேண்டும். எழுபதுக்குள் இருந்தால் நல்லது. எண்பதைத் தாண்டினால் ஆள் அவுட்.

கஸ்தூரி அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கீழ்வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். மாடியைக் கொடுத்ததற்குப் பதிலாக அவருக்கு இணையம் இலவசம். மாடியில் நின்று பார்த்தேன். ஏரி, அதற்கு அப்பால் வீடுகள், குறுக்கே ஒரு மரம் கிடையாது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“என்ன உயரம்! என்ன வெட்டவெளி! இப்படி ஒரு மாடி எங்க ஊர்ல கிடைச்சா நான் ராஜாம்மா” என்றேன். அந்தக் கம்பத்தையும் தட்டிக் கொடுத்தேன்.

கஸ்தூரி அம்மா பாதி சிரித்தார். நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பெட்டி அலுமினியம். தூக்கினால் தோள் வலித்தது. விளம்பரத் தாளில் அதன் சக்தியை எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மாட்டியதும் எண் ஐம்பதுக்கு வந்தது. நான் துள்ளினேன். ஆனால் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் அது திறக்கவே இல்லை.

“இது வாய் பெரிய பொட்டிண்ணா” என்றார் விக்டர். “இது கத்துறது ஊருக்கே கேக்கும். ஆனா வூட்டாண்ட கீற சின்னப் பொட்டி பதில் சொன்னா இதுக்குக் காது கேக்காது. கல்யாண மைக் செட்டு மாதிரி. பவரைப் பாத்து வாங்காதீங்க, காதப் பாத்து வாங்குங்க.”

என்னுடைய மூன்று பெட்டிகளையும் நான் பவரைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது பெட்டி உள்ளூர்த் தயாரிப்பு. வீட்டுக்குள் வைக்கும் சாதாரண ரூட்டரை ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் போட்டு, மூடியைச் சுற்றிப் பசை தடவியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விக்டருக்கு வேறு வேலை. ஆகவே அதை நானே ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனேன்.

ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் டிரைவர் “இன்னும் ரெண்டு” என்கிறார். எப்போது கேட்டாலும் அதே பதில்தான். என் பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் மடியைப் பார்த்தார்.

“இன்னா நைனா, சோறு கட்டிகினு போறியா?”

“இல்லம்மா. இது இன்டர்நெட்.”

“டப்பாவுலயா வருது? என் புள்ள வூட்ல வயருல இல்ல வருது!” அவர் டிபன் பாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க வைப்பே இத்த?”

“மொட்டை மாடில.”

“இந்த வெயில்ல? இப்டி இறுக்கி மூடி வச்சா உள்ள வெந்து பூடும். ரெண்டு ஓட்ட போட்டு வையி.”

ஆட்டோவில் எல்லோரும் ஆமோதித்தார்கள். ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் போகுமே என்று நான் விளக்க ஆரம்பித்தபோது நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. எனக்கு முன்னால் நாலு பேர் இறங்கி, நான் இறங்கி, அவர்கள் திரும்ப ஏற வேண்டும். டிரைவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மேடவாக்கம் பக்கம் போய்த்தான் என் கால் தரையில் பட்டது. அங்கிருந்து எதிர்த் திசையில் இன்னோர் ஆட்டோ, இன்னும் ரெண்டு.

டிபன் பாக்ஸை மாட்டும்போது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு அது மூச்சை நிறுத்திக்கொண்டது. இறக்கித் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் பொரிக்கலாம். மீன்கார அம்மாவின் பேச்சைக் கேட்டிருந்தால் ஆட்டோக் கூலி மிச்சம்.

மூன்றாவதுதான் அழகு. வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு சிலேட்டு அளவு, கனமே இல்லை. ஆண்டெனா உள்ளேயே இருக்கிறது. கேபிள் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம், அதற்கும் ஒரு மூடி. செவ்வாய் சாயங்காலமே அதைக் கம்பத்தில் மாட்டிவிட்டோம். மாட்டிய பிறகும் நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். “என்ன லட்சணமா இருக்கு பாருங்க” என்று கஸ்தூரி அம்மாவிடமும் காட்டினேன்.

புதன்கிழமை காலையிலிருந்து அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தோம். அறுபது. ஒன்பது மணிக்கு அறுபது, பதினொன்றுக்கு அறுபது. கத்தவும் செய்தது, கேட்கவும் செய்தது. பன்னிரண்டு மணிக்கு நான் சாந்தியைக் கூப்பிட்டு, பெட்டி கிடைத்துவிட்டது என்றேன். “சாயங்காலம் வரைக்கும் பாருங்க” என்றாள். அவளுக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கையின் அளவு அது. தவறு என்று சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். ஒன்று நாற்பதுக்கு எண் எண்பதைத் தொட்டது. பிறகு எழுபத்தாறு. பிறகு எண்பத்து நாலு. ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கம் திறப்பதும் நிற்பதுமாக இருந்தது.

“கடக் காத்து வந்துச்சுண்ணா, கம்பம் ஆடுது” என்றார் விக்டர். சூடு என்றேன் நான். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது, அதையும் சந்தேகப்பட்டோம். சாயங்காலம் வெயில் இறங்கியும், காற்று நின்றும் எண் இறங்கவில்லை. இடையில் கஸ்தூரி அம்மாவுக்குப் போன் செய்து, பெட்டி கம்பத்தில் இருக்கிறதா என்று விக்டர் கேட்டார். “பத்திரமா இருக்கு” என்று பதில் வந்தது.

மூன்று பெட்டிகளின் பெயரையும் எழுதி வைத்திருந்த பேப்பரில், முதல் இரண்டோடு அந்தச் சிலேட்டின் பெயரையும் அடித்தேன். அன்றைக்கு இரவு கடையில் பரோட்டா சொன்னேன். எங்கள் ரொட்டி சானாய்க்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு இறங்கவில்லை. ஒரு நாள்தான் பாக்கி. இருப்பதில் வாய் பெரிய பெட்டியையே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தேன். தெரிந்தே நான்காவது தடவையும் தப்புச் செய்யப் போகிறேன்.

வியாழக்கிழமை காலை சிலேட்டை இறக்குவதற்காக இருவரும் கஸ்தூரி அம்மா வீட்டு மாடிக்கு ஏறினோம். முதலில் ஏறிய விக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு குச்சியை முன்னால் நீட்டிக் கட்டி, அதில் கயிறு போட்டு ஒரு பூசணிக்காய் தொங்கியது. முழித்த கண், மீசை, கோரைப்பல், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு எல்லாம் வரைந்திருந்தது. சரியாகச் சிலேட்டின் முகத்துக்கு நேராகக் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

“பூசணி மொத்தமும் தண்ணிண்ணா” என்றார் விக்டர் மெதுவாக. “சிக்னலு செவுத்தக் கூட கொஞ்சம் தாண்டிப் பூடும். தண்ணியத் தாண்டாது.”

கஸ்தூரி அம்மா பின்னாலேயே வந்தார். “நேத்து புதன்கிழமை பாருங்க, பன்னண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் ராகு காலம். அது முடிஞ்சப்புறம்தான் கட்டினேன். குறை ஒண்ணும் இல்லையே?”

“எதுக்கும்மா கட்டினீங்க?” என்று கேட்டேன்.

“திருஷ்டிக்கு.”

“யார் திருஷ்டி?”

விக்டர் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். கஸ்தூரி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க வந்து மாடியப் பாத்து அப்படிச் சொன்னீங்க. அன்னிக்கே தையல் மெஷின் பெல்ட் அறுந்துது. மறுநாள் மிக்ஸி புகைஞ்சுது. சாயங்காலம் இந்தப் பெட்டிய அப்படிப் பாத்துட்டு நின்னீங்க. எங்க வீட்டுக்கு நெட்டு வர்ற கம்பமும் பக்கத்துலயே இருக்கு. நீங்க நல்லவர்தான் சார். கண்ணு, அது பாட்டுக்குப் படும்.”

கனவில்கூட ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவன் நான். இருந்தாலும் மிக்ஸியைப் பற்றிக் கேட்டபோது குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். பூசணியை எடுக்கச் சொன்னேன். முடியாது என்றார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. பூசணி பெட்டிக்கு முன்னாலிருந்து கம்பத்தின் பின்பக்கம் போகும். ஆனால் நான் பெட்டியைப் பார்க்கக் கூடாது.

ஆக, அவ்வளவு தூரம் பறந்து வந்தவன் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். விக்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைப்பேசியில் கூப்பிட்டார். “அறுபதுண்ணா.” கஸ்தூரி அம்மா படியில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டே என்னைக் கண்காணித்தார். ஒரு காக்கை கத்தியதற்குத் திரும்பினேன். “சார்!” என்றார். மறுபடி தொட்டியைப் பார்த்தேன். ஒரு மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அறுபது. இரண்டு மணிக்குக் கடல் காற்று சட்டையை உப்ப வைத்தது. அறுபது. மூன்றரைக்கும் அறுபதுதான்.

விக்டர் வந்து சேர்ந்ததும் கஸ்தூரி அம்மா தேநீர் கொடுத்தார், பெரிய டம்ளரில். எனக்குப் பெட்டி கிடைத்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியான பெட்டி. விக்டர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்.

“உங்க ஊர்ல மழை நின்ன ஒடனே லைன் வந்துருமாண்ணா?”

“எங்க? நின்னு ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் இன்னும் கூட.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப அது பொட்டி இல்லண்ணா. மழை நின்னாலும் இன்னாவோ ஒண்ணு ஈரமா கீது. பொட்டிக்கு முன்னால இன்னா கீதுன்னு கடைசியா எப்பப் பாத்தீங்க?”

படிக்கட்டு எனக்குச் சம்மதம். ஏணி என்றால் தலை சுற்றும். பெட்டியை மாட்டக் கூலிக்கு ஆள் ஏறுவார். மாற்று என்றால் மாற்றிவிட்டு இறங்குவார். இரண்டு வருடமாக நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கணினியில் எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். என் கூரையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து சாந்தியைக் கூப்பிட்டேன். அங்கே மணி ஏழு, இன்னும் வெளிச்சம் இருக்கும். ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். “நானா?” என்றாள். பிறகு கைப்பேசியோடு ஏறும் சத்தம் கேட்டது. தகரக் கூரை கிரீச்சிட்டது. பெட்டியின் பக்கத்தில் நின்று, அது பார்க்கும் திசையில் பார்க்கச் சொன்னேன்.

“தாமான் தெரியலீங்க.”

“இருட்டிடுச்சா?”

“இல்ல. முருங்கை மரம்தான் தெரியுது. நம்ம கொல்லையில குச்சி நட்டோமே, அது. கூரைக்கு மேல ஓர் ஆள் உயரம் நிக்குது.” ஒரு கிளையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. “வாரத்துக்கு ரெண்டு நாள் கீரை பறிக்கிறேன். நான்கூட ஒரு நாளும் அண்ணாந்து பாக்கலீங்க.”

மழையில் நனைந்த அத்தனை இலைகளையும் நினைத்துப் பார்த்தேன். குற்றம் செய்யாத மூன்று பெட்டிகள் என் ஸ்டோர் ரூமில் கிடந்தன. அவை இருக்கட்டும். முப்பத்தெட்டு வீட்டுக்கும் இரண்டு வருடமாக இவள் அல்லவா பதில் சொன்னாள்! திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது. ஆனால் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் லைனைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

“பெட்டிய வாங்கிட்டு வரவா?” என்று கேட்டேன்.

“பெட்டி ஒண்ணும் வேணாம். அருவா இங்கேயே இருக்கு” என்றாள். “நீங்க வந்து சேருங்க.”